தீபாவளி ஆர்டர் குவியும் முன்: இணையக் கடைக்கு லோட் டெஸ்ட் செய்வது எப்படி

2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு தன் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ்-ஐத் திறந்தது. ஒரே நேரத்தில் 50,000 முதல் 60,000 பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர். முதல் நாளில் பதிவை முழுதாக முடிக்க முடிந்தவர்கள் ஆறு பேர்தான்.

அடுத்த வருடம், 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் தன் முதல் பிக் பில்லியன் டே விற்பனையை நடத்தியது. ஏறக்குறைய 5,000 சர்வர்கள் தயாராக இருந்தன, கூட்டம் 20 மடங்கு ஆனாலும் தாங்கும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். அப்படியும் தளம் திணறியது. மறுநாள் நிறுவனர்களே வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். நாளின் சில நேரங்களில் வந்த கூட்டம் அந்த 20 மடங்கையும் தாண்டிவிட்டது என்று அந்தக் கடிதத்திலேயே சொல்லியிருந்தார்கள்.

லோட் டெஸ்ட் என்றால், போலிக் கூட்டத்தை அனுப்பித் தளம் எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே பார்க்கும் சோதனை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் "எத்தனை மடங்கு?" என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். அது போதாது. கூட்டம் எந்த நிமிடத்தில் வருகிறது, எந்தப் பக்கத்தில் குவிகிறது, எந்தப் பொருளுக்கு அடித்துக்கொள்கிறது, தளம் மெதுவானால் என்ன செய்கிறது, இத்தனையும் சோதனைக்குள் வந்தால்தான் அந்த முடிவை நம்பலாம். இதை ஒரு நடுத்தர இனிப்புக் கடையை வைத்துப் பார்ப்போம். சொந்தத் தளம், பெரும்பாலும் மொபைலில் வரும் வாடிக்கையாளர்கள், யூபிஐ-யில் பணம், கூரியரில் டெலிவரி. கடை பற்றிய எண்கள் எல்லாம் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. அந்த இடத்தில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதி வாங்குங்கள்

ஒரு சர்வருக்கு லோட் டெஸ்டும் தாக்குதலும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் கடை உரிமையாளர், ஹோஸ்டிங் நிறுவனம் (தளம் ஓடும் சர்வரை வாடகைக்குத் தருபவர்) இருவரிடமும் தேதி, நேரம், உச்ச அளவு மூன்றையும் எழுத்தில் கொடுத்துச் சம்மதம் வாங்குங்கள். பழகிப் பார்க்கலாமே என்று அடுத்தவர் தளத்தின் மேல் ஓட்டவே கூடாது. அனுமதி இல்லாமல் ஒரு கணினிச் சேவையை முடக்கினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு கட்ட நேரும். மோசடி நோக்கமும் இருந்தால் 66ஆம் பிரிவின்படி சிறைவரை போகும்.

கூட்டம் எப்படி வருகிறது என்று பாருங்கள்

போன வருட தீபாவளி வாரத்தின் சர்வர் லாகை (வந்த கோரிக்கை ஒவ்வொன்றும் நேரத்தோடு பதிவாகும் ஃபைல்) எடுத்து, நிமிடவாரியாக எண்ணிக்கை போட்டு வரைபடம் ஆக்குங்கள். மணிவாரியாகப் போட்டால் உண்மை தெரியாது. ஒரு மணி நேரத்தில் 1,800 ஆர்டர் என்றால் நிமிடத்துக்கு 30 என்று சராசரி சொல்லும். ஆனால் கடைக்காரர் இரவு 8 மணிக்கு வாட்ஸ்அப்பில் சலுகைச் செய்தி அனுப்பியிருந்தால், 8.02-க்கு 90 ஆர்டர் வந்திருக்கும், 8.40-க்கு 12 வந்திருக்கும். தளம் விழுவது அந்த 8.02-இல்தான்.

பிறகு வரைபடத்தோடு உரிமையாளரிடம் போய் உட்காருங்கள். செய்தி எப்போது அனுப்பினீர்கள், ஊருக்கு வெளியே அனுப்ப கூரியர்காரர் கடைசித் தேதி எது சொன்னார், பக்கத்து நிறுவனங்களில் போனஸ் எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள். வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு காரணம் கிடைக்கும். காரணம் தெரிந்துவிட்டால் இந்த வருடம் அது எந்த நாளில் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கூட்டம் சிலநேரம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், மாலை நேர விற்பனை அப்படித்தான். சிலநேரம் செங்குத்தாக ஏறும். தட்கல் முன்பதிவை நினைத்துக்கொள்ளுங்கள்: ரயில் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏசி வகுப்பு, 11 மணிக்கு மற்ற வகுப்புகள். அந்த ஒரு நொடிக்காக நாடே விரலை வைத்துக் காத்திருக்கும். இன்னும் சில கூட்டம் ஏறிவிட்டு இறங்கவே இறங்காது, நாள் முழுக்க அதே அளவில் நிற்கும்.

இறங்கும் கூட்டமும் சிக்கல் தரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 2019 ஜூலையில் இந்தியா–நியூசிலாந்து உலகக் கோப்பை அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடி பேர் பார்த்தார்கள். தோனி ரன் அவுட் ஆனதும் கூட்டம் கலைந்தது. ஆனால் ஒருவர் வெளியேற பேக் பட்டனை அழுத்துகிறார், அழுத்தியதும் முகப்புப் பக்கம் திறக்கிறது. வீடியோவின் சுமை குறையும் அதே நொடியில் முகப்புப் பக்கத்துக்குப் பெருங்கூட்டம் வந்துவிடுகிறது. நம் கடையிலும் இது நடக்கும். ஒரு ஸ்பெஷல் பாக்ஸ் தீர்ந்துபோனதும், அந்தப் பக்கத்தில் இருந்த அத்தனை பேரும் முகப்புக்கும் தேடலுக்கும் திரும்புவார்கள்.

லாகே இல்லாத புதுக் கடையா? கடைக் கவுண்டரின் பில் மெஷினில் நேரம் இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். செய்தி 40,000 பேருக்குப் போகிறது, முதல் ஐந்து நிமிடத்தில் 8 சதவீதம் பேர் லிங்கைத் தொடுவார்கள் என்று வைத்தால் 3,200 பேர். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 11 பேர். இது ஊகம்தான், ஆனால் எழுதி வைத்த ஊகம். முதல் செய்தி போன அன்றே திருத்திக்கொள்ளலாம்.

கணக்கு

உச்ச நிமிடத்தில் 90 ஆர்டர். வருபவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் வாங்குகிறார்கள் என்றால், அந்த நிமிடத்தில் வந்தவர்கள் 1,800 பேர், நொடிக்கு 30. ஒருவர் சராசரியாக ஐந்து நிமிடம், அதாவது 300 நொடி இருக்கிறார். அப்படியானால் தளத்துக்குள் ஒரே நேரத்தில் இருப்பவர்கள் 30 × 300 = 9,000. இது ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி: உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை, வரும் வேகத்தை இருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். அந்தக் கூட்டம் சில நிமிடம் நீடித்தால்தான் 9,000 நிறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒருவர் ஆறு பக்கம் பார்த்தால் நொடிக்கு 180 பக்கம். ஒவ்வொரு பக்கமும் சர்வரிடம் தகவல் கேட்டு நான்கு முறை ஏபிஐ-யைக் கூப்பிட்டால் நொடிக்கு 720 கோரிக்கை. சர்வர் பார்ப்பது இந்தக் கடைசி எண்ணைத்தான். "பத்தாயிரம் பேர் தாங்குமா?" என்று யாராவது கேட்டால், "ஒரு நாளைக்கா, ஒரு மணிக்கா, ஒரே நேரத்திலா?" என்று திருப்பிக் கேளுங்கள். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அளவுகள்.

வாடிக்கையாளர் போல நடந்துகொள்ளும் ஸ்கிரிப்ட்

கருவிகளில் ஜேமீட்டர், கே6, லோகஸ்ட் மூன்றும் இலவசம். புதியவருக்கு ஜேமீட்டர் திரையில் பார்த்துப் பழக எளிது. ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் கே6, பைத்தான் தெரிந்தால் லோகஸ்ட். எது என்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஜேமீட்டர் என்றால் ஒன்று மட்டும்: ஸ்கிரிப்ட் (போலி வாடிக்கையாளர் என்னென்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகள்) எழுதத்தான் அந்தத் திரை. உண்மையான சோதனையைத் திரை இல்லாமல் கமாண்ட் லைனில் (கட்டளையைத் தட்டச்சு செய்து) ஓட்டுங்கள், இல்லாவிட்டால் கருவியே திணறிவிடும்.

வருபவர்களில் நூற்றுக்கு 60 பேர் பார்த்துவிட்டுப் போகிறார்கள், 20 பேர் தேடுகிறார்கள், 15 பேர் கூடையில் போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள், 5 பேர் பணம் கட்டுகிறார்கள். இந்தக் கலவை ஸ்கிரிப்டில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே மனிதர் யோசிக்கும் நேரம் விடுங்கள், அதுவும் எல்லோருக்கும் ஒரே 5 நொடி என்று இல்லாமல் 3 முதல் 20 வரை மாறி மாறி.

பொருள் தேர்வில் கவனம் வேண்டும். எல்லாரும் ஒரே பொருளைத் திறப்பது போல எழுதினால், அது கேஷிலிருந்து (அடிக்கடி கேட்பதை எடுத்து வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) பறந்து வரும், முடிவு பொய்யாக அழகாக இருக்கும். 300 பொருளையும் சமமாகப் பிரித்தாலும் பொய்தான். தீபாவளியில் பாதிப் பேர் கேட்பது ஒரே பொருளை, ஒரு கிலோ மிக்ஸ்டு ஸ்வீட் பாக்ஸைத்தான். டேட்டாபேஸில் அந்த ஒரு பொருளின் இருப்பு எண்ணைக் குறைக்க நூறு ஆர்டர்கள் ஒரே வரியைப் பூட்டி (இதையும் லாக் என்பார்கள்), ஒன்றன்பின் ஒன்றாகக் காத்து நிற்கும். போன வருட விற்பனை விகிதத்தை அப்படியே ஸ்கிரிப்டுக்குக் கொடுங்கள், அப்போதுதான் இந்த நெரிசல் தெரியும்.

அப்புறம், பொறுமை இழந்த வாடிக்கையாளர். ஐந்து நொடியில் பக்கம் வராவிட்டால் ஒரு பங்கினர் ரிஃப்ரெஷ் செய்ய வேண்டும், சிலர் பணம் கட்டும் பட்டனை இரண்டு முறை அழுத்த வேண்டும். மெதுவான தளத்தை விழுந்த தளமாக மாற்றுவது பெரும்பாலும் இந்த மறு அழுத்தங்கள்தான்.

கருவியின் அமைப்பில் ஒரு பொறி உண்டு. வழக்கமான அமைப்பில் 500 போலி வாடிக்கையாளர்களை விட்டால், ஒவ்வொருவரும் பதில் வந்த பிறகுதான் அடுத்த கோரிக்கையை அனுப்புவார். சர்வர் மெதுவானால் சோதனையும் தானாக மெதுவாகிவிடும், சர்வர் தப்பித்துவிடும். வெளியே இருக்கும் மக்களோ தளம் மெதுவாக இருக்கிறது என்று தெரியாமல் வந்துகொண்டேதான் இருப்பார்கள். அதனால் "நொடிக்கு 30 பேர் புதிதாக வர வேண்டும்" என்று வருகை வேகத்தை நிர்ணயிக்கும் முறையைப் பயன்படுத்துங்கள். கே6-இல் அதற்கென்றே வசதி உண்டு, ஜேமீட்டரிலும் 5.5 பதிப்பிலிருந்து ஓப்பன் மாடல் த்ரெட் குரூப் இருக்கிறது.

சோதனை இடமும் தரவும்

நிஜத் தளத்தைப் போலவே ஒரு நகல் வேண்டும். கால் அளவு சர்வரில் சோதித்துவிட்டு முடிவை நான்கால் பெருக்காதீர்கள், சுமை அப்படி நேர்கோட்டில் வளராது. டேட்டாபேஸில் 50 மாதிரி ஆர்டர்கள் மட்டும் இருந்தால் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் வரும். சில லட்சம் பழைய ஆர்டர்களைப் போட்டு நிரப்பினால்தான் இண்டெக்ஸ் (டேட்டாபேஸில் வேகமாகத் தேட உதவும் அட்டவணை) விட்டுப்போன இடங்கள் வலிக்கும். நிஜத் தரவை நகலெடுத்தால் பெயர், போன் நம்பர், முகவரியை எல்லாம் மாற்றிவிட்டே கொண்டுவாருங்கள். சோதனையின்போது உண்மையான வாடிக்கையாளர்களுக்கு எஸ்எம்எஸ் போய்விட்டால் பெரிய சங்கடம்.

சுமை அனுப்பும் கணினியையும் கண்காணியுங்கள். வீட்டு பிராட்பேண்டில் ஒரு லேப்டாப்பிலிருந்து நொடிக்கு 720 கோரிக்கை அனுப்பி, பதில் தாமதமானால், மூச்சுத் திணறியது லேப்டாப்பா சர்வரா என்றே தெரியாது. கிளவுடில் இரண்டு மூன்று கணினிகளை வாடகைக்கு எடுத்துப் பிரித்து அனுப்புங்கள்.

பணம் கட்டும் இடம்

இங்கே அவசரப்படாதீர்கள். பக்கம் திறக்காவிட்டால் வாடிக்கையாளர் எரிச்சலோடு போய்விடுவார். பணம் போய் ஆர்டர் பதியாவிட்டால் அவருக்கு அது ஒரு வாரத் தலைவலி, பண்டிகைக்கு வீட்டில் இனிப்பும் இருக்காது.

பேமெண்ட் கேட்வேயின் (கடைக்கும் வங்கிக்கும் நடுவே பணத்தை வாங்கித் தரும் சேவை) நிஜச் சேவை மேல் சுமை ஏற்றக் கூடாது, அவர்களுடைய சோதனைத் தளமும் இவ்வளவு சுமைக்கானதல்ல. அதற்குப் பதிலாக ஒரு போலி கேட்வேயை நீங்களே எழுதி வையுங்கள். அது நல்ல பிள்ளையாக உடனே "சரி" சொல்லக் கூடாது. சிலருக்கு 2 நொடி, சிலருக்கு 15 நொடி எடுக்கட்டும். சிலருக்குத் தோல்வி, சிலருக்கு "நிலுவையில்" என்று வரட்டும். ஒரு சிறு பங்கினருக்கு வெற்றிச் செய்தி பத்து நிமிடம் தாமதமாக வரட்டும், அதற்குள் அந்த ஆர்டர் காலாவதி ஆகியிருக்க வேண்டும். அப்போது உங்கள் மென்பொருள் என்ன செய்கிறது? ஆர்டரை மீட்கிறதா, பணத்தைத் திருப்பி அனுப்புகிறதா, ஒன்றும் செய்யாமல் விழுங்கிவிடுகிறதா?

சோதனை முடிந்ததும் மூன்று எண்களை ஒப்பிடுங்கள்: போலி கேட்வே வெற்றி என்று சொன்னவை, பதிவான ஆர்டர்கள், குறைந்த இருப்பு. 200 பாக்ஸ் இருந்த இடத்தில் 207 விற்றிருந்தால் வேகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சோதனை தோல்வி.

ஓட்டும் வரிசை

முதலில் ஐந்து பேரை விட்டு ஸ்கிரிப்ட் சரியா என்று பாருங்கள். அடுத்து சாதாரண நாள் அளவில் அரை மணி நேரம். இந்த எண்களைப் பத்திரப்படுத்துங்கள், பின்னால் ஒப்பிட இவைதான் அடிப்படை. அப்புறம் போன வருட உச்சம், அதன் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று படிப்படியாக, விழும்வரை. விழட்டும். எந்த எண்ணில் விழுகிறது, எது முதலில் விழுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடும்.

பிறகு ஸ்பைக் டெஸ்ட்: நொடிக்கு 3 பேராக இருந்ததை அரை நிமிடத்தில் 30 ஆக்குங்கள். கூட்டம் ஏறினால் கிளவுட் தானாகச் சர்வரைக் கூட்டிக்கொள்ளும் என்று நம்பியிருப்பவர்களுக்கு இங்கேதான் உண்மை தெரியும். புதுச் சர்வர் எழுந்து தயாராக நிமிடங்கள் ஆகும், கூட்டமோ நொடிகளில் வருகிறது. செய்தி அனுப்பப் போகும் நேரம் உங்களுக்குத்தான் தெரியுமே, அரை மணி முன்பே சர்வர்களைக் கூட்டி வைத்துவிடுங்கள்.

கடைசியாக, நடுத்தரச் சுமையில் எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் சோக் டெஸ்ட். மெமரி கசிவதும், லாக் ஃபைல் வளர்ந்து டிஸ்க் நிறைவதும் அதில்தான் தெரியும். விழுந்த ஒவ்வொரு முறையும் சுமையைக் குறைத்துவிட்டு, தளம் யார் கையும் படாமல் எழுகிறதா என்று கவனியுங்கள். சில தளங்கள் கூட்டம் போன பிறகும் எழுவதில்லை.

எண்களைப் படிப்பது

சராசரி பதில் நேரத்தை முதல் பக்கத்தில் போடாதீர்கள். நூறு பேரில் 95 பேருக்கு 0.3 நொடி, 5 பேருக்கு 20 நொடி என்றால் சராசரி 1.3 நொடிதான். பார்க்க நன்றாக இருக்கும். அந்த ஐந்து பேர் பணம் கட்டும் பக்கத்தில் இருந்தவர்களாக இருந்தால் கடையின் முழு வருமானமும் அங்கேதான் நின்றிருக்கிறது. 95, 99 பெர்சன்டைல் (நூற்றில் 95 பேருக்கும் 99 பேருக்கும் எத்தனை நொடிக்குள் பதில் வந்தது என்ற எண்) இரண்டையும் பக்கவாரியாகப் போடுங்கள், பிழை விகிதத்தோடு சேர்த்து. பிழைப் பக்கம் மிக வேகமாக வரும் என்பதால் அது பதில் நேரத்தை நன்றாக்கிக் காட்டும்.

புதியவர்களைக் குழப்பும் ஒரு காட்சி அடிக்கடி வரும். பக்கம் வர 30 நொடி ஆகிறது, ஆனால் சர்வரின் சிபியு 20 சதவீதத்தில் சும்மா இருக்கிறது. சர்வர் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். பெரும்பாலும் சிக்கல் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலில் இருக்கும். தளம் டேட்டாபேஸோடு பேசத் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்புதான் பூல். பூலில் 20 கனெக்‌ஷன், ஒரு கேள்விக்கு 50 மில்லிநொடி என்றால் நொடிக்கு 400 கேள்வி முடியும். இருப்பு வரியில் பூட்டு நெரிசலால் அதே கேள்விக்கு 500 மில்லிநொடி ஆனால் நொடிக்கு 40 தான். மற்ற எல்லாரும் வேலையே செய்யாமல் வரிசையில் நிற்பார்கள், அதனால்தான் சிபியு ஓய்வாக இருக்கிறது. பூலை 200 ஆக்கிவிடலாம் என்று உடனே கை பரபரக்கும். ஆனால் டேட்டாபேஸுக்கும் ஒரு வரம்பு உண்டு: எதையும் மாற்றாமல் விட்டால், டேட்டாபேஸ் மென்பொருள்களில் போஸ்ட்கிரஸுக்கு 100 இணைப்பு, மைஎஸ்கியூஎல்லுக்கு 151. மேலும் நெரிசல் அந்த ஒரு வரியில் இருக்கும்போது அதிகக் கனெக்‌ஷன் அதிக நெரிசலைத்தான் தரும். முதலில் அந்தக் கேள்வியைச் சரிசெய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.

பேக்கிங் மேசை

தளம் தாங்கிவிட்டது, சரி. நிமிடத்துக்கு 90 ஆர்டர் உள்ளே வருகிறது. வெளியே போக முடியுமா? ஒரு மாலை உரிமையாளரிடம் கேட்டு, 200 போலி ஆர்டர்களை ஒரு மணி நேரத்தில் பேக்கிங் பிரிவுக்கு அனுப்புங்கள். காலிப் பெட்டிகள் போதும். பக்கத்தில் நின்று பாருங்கள்: லேபிள் பிரிண்டர் எத்தனைக்கு ஒருமுறை ரோல் கேட்கிறது, எடை போடும் தராசு ஒன்றுதானா, ஆர்டர் பட்டியல் ஒரே ஒரு மொபைலில்தான் திறந்திருக்கிறதா, முகவரியில் பின்கோடு தப்பானால் யாரைக் கேட்கிறார்கள். ஒருவர் ஒரு பெட்டியை முடிக்க மூன்று நிமிடம் என்றால், நான்கு பேர் சேர்ந்து மணிக்கு 80 பெட்டி. இந்த எண் தளத்தில் காட்டும் டெலிவரித் தேதியோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், தினசரி எண்ணிக்கை நிரம்பியதும் தேதியைத் தானாகத் தள்ளும் வசதியைத் தளத்தில் வைக்கச் சொல்லுங்கள். "ஆர்டர் எங்கே?" என்று கேட்டு வரும் போன் அழைப்புகளும் அதே அளவில் ஏறும், அதையும் கணக்கில் எடுங்கள்.

அன்றைய ஏற்பாடு

சோதனையில் கண்ட உடையும் எண்ணை வைத்துத் திட்டம் எழுதுங்கள். நொடிக்கு 55 பேரில் விழுகிறது என்றால் 40-இல் எச்சரிக்கை அடிக்கட்டும். 45-இல் "உங்களுக்குப் பிடிக்கலாம்" பகுதியையும் விமர்சனங்களையும் நிறுத்திவிடுங்கள், கூடையும் பணமும் மட்டும் ஓடட்டும். 50-இல் காத்திருப்புப் பக்கம் வர வேண்டும். ஏற்கெனவே கூடையில் பொருள் வைத்திருப்பவர்களை அந்தப் பக்கம் தடுக்கக் கூடாது. இந்த மூன்று பொத்தான்களையும் சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்திப் பாருங்கள். அழுத்திப் பார்க்காத பொத்தானை நம்பித் திட்டம் எழுத முடியாது.

பண்டிகைக்குப் பத்து நாள் முன்பிருந்து தளத்தில் எந்தப் புது மாற்றமும் ஏற்ற வேண்டாம். சலுகைச் செய்தியை 40,000 பேருக்கும் ஒரே நொடியில் அனுப்பாமல் பத்து நிமிட இடைவெளியில் நான்கு பிரிவாக அனுப்ப உரிமையாளரைச் சம்மதிக்க வையுங்கள். செலவே இல்லாமல் உச்சத்தை இவ்வளவு குறைக்கும் வழி வேறில்லை. காத்திருப்புப் பக்கத்தைத் திறக்க முடிவெடுப்பவர் யார், அவர் போன் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று இரண்டு பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, சர்வரைப் பார்ப்பவர் மேசையிலும் பேக்கிங் பிரிவின் சுவரிலும் ஒட்டிவிடுங்கள்.